நோவு விடுவதும் நோய் விடுவதும்: மருந்தையும் அக்குபங்சரையும் சோதிப்பது பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் கூடைக் கயிற்றைப் பிடிக்கக்கூடக் கை மடங்காமல் போன பிறகுதான் அது முடக்குவாதம் என்று தெரிந்தது. அதற்குள் தைலம், சுளுக்கு எடுப்பவர், திருநீறு, ஊசி வைத்தியம் (அக்குபங்சர்) என்று எல்லா வாசலும் ஏறி இறங்கியிருந்தோம். பிறகு எனக்குக் கண்டியில், மருத்துவ ஆய்வுகளுக்கு வருகிறவர்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. ஹட்டன், தலவாக்கலை, இராகலை, ஹப்புத்தளைப் பக்கமிருந்து வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கிளினிக்கில் பேசி முடிவெடுக்க வேண்டியது.

பக்கத்து லயத்து அக்காவுக்கு ஊசி குத்தி முழங்கால் நோவு போய்விட்டது. கண்ணால் பார்த்தோம். இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்?

அக்கா பொய் சொல்லவில்லை. அவருக்கு நோவு குறைந்தது உண்மை. ஊசியால்தான் குறைந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நோவு என்பது ஏறி இறங்குகிற ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவிகிறபோது காலை முதல் சரிவில் நின்று, நிறை கூடையோடு மட்டத்துக்கு இறங்கினால் முழங்கால் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாங்கவே முடியாத நாளில்தான் நாம் வைத்தியரைத் தேடிப் போகிறோம். பிறகு கொழுந்து குறைகிறது, ஏறி இறங்குவது குறைகிறது, நோவும் தானாக ஒரு படி இறங்குகிறது. அந்த நேரம் ஊசி குத்தியிருந்தால் ஊசிக்குப் பேர் வருகிறது, தைலம் தேய்த்திருந்தால் தைலத்துக்கு வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஊசி வைக்கிறவர் நம்மைப் படுக்கவைத்து, எங்கே நோகிறது என்று விசாரித்து, அரை மணி நேரம் பக்கத்தில் இருக்கிறார். நூறு பேர் வரிசையில் நிற்கிற கிளினிக்கில் அந்த நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. அந்தக் கவனிப்பும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் உடம்புக்குள் வேலை செய்கின்றன. இது வெறும் பிரமை என்று ஒதுக்க முடியாது. பார்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்தைக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். 2001இல் வெளியான அந்தக் கனடா ஆய்வில், அவர்களுக்குக் குறைந்துபோயிருந்த டோபமின் என்ற இரசாயனம் மூளையில் உண்மையிலேயே சுரந்தது தெரிந்தது.

ஊசி குத்தியும் குணமாகாத பத்துப் பேரை நாம் பார்ப்பதே இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சாவது குணமான ஒருவரின் கதைதான்.

ஆய்வில் டொக்டரே பார்த்து, இவருக்கு இது, அவருக்கு அது என்று பிரித்தால் என்ன? ஏன் சீட்டுக் குலுக்குகிறார்கள்?

டொக்டரும் மனிதர்தானே. மோசமாக இருப்பவரைப் பார்த்தால் இரக்கப்பட்டுப் புது மருந்துப் பக்கம் எழுதிவிடுவார். அல்லது தேறக்கூடியவராகப் பார்த்து எழுதுவார். எப்படி ஆனாலும் இரண்டு கூட்டமும் சமமாக இராது. பிறகு ஒப்பிட்டுப் பிரயோசனமில்லை. சீட்டுக் குலுக்கினால் வயதானவர், இளையவர், மலையில் வேலை செய்பவர், ஃபெக்டரியில் வேலை செய்பவர் எல்லோரும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுவார்கள். நமக்குத் தெரியாத வித்தியாசங்கள்கூட அப்படியே கலந்துவிடும்.

இந்த யோசனைக்கும் தேயிலைக்கும் ஒரு உறவு இருக்கிறது. இங்கிலாந்தில் ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ரொனல்ட் ஃபிஷர் என்ற கணிதவியலாளர் 1920களில் வேலை செய்தார். எந்த உரம் நல்லது என்று பார்க்க வேண்டும். ஆனால் நிலத்தில் ஒரு மூலை வளமானது, ஒரு மூலை வறண்டது. அதனால் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று சீட்டுப் போட்டு முடிவு செய்யச் சொன்னார். அங்கே அவரோடு வேலை செய்த மூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேத்தண்ணியா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். ஃபிஷர் அதையும் சோதனை ஆக்கினார்: எட்டுக் கோப்பை, நான்கு ஒரு விதம், நான்கு மறு விதம், சீட்டுப் போட்ட வரிசையில். சும்மா ஊகித்துச் சொன்னால் எட்டும் சரியாக அமைய 70இல் 1 வாய்ப்புத்தான். ஒரு மருந்து வேலை செய்ததா, தற்செயலாக அப்படி அமைந்ததா என்று இன்று கணக்குப் பார்ப்பதும் இதே வழியில்தான்.

மனிதர்களுக்கு இந்த முறையை ஒழுங்காகப் பயன்படுத்திய முதல் பெரிய ஆய்வு காசநோய்க்கானது. பிரிட்டனில் 1948இல் வெளிவந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது எல்லோருக்கும் போதாது. ஆகவே சீட்டு முறையே நியாயமாகவும் இருந்தது. ஆறு மாதத்தில் மருந்து கிடைத்த 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், கிடைக்காத 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை கொடுப்பது புரிகிறது. ஊசியில் எப்படி ஏமாற்ற முடியும்? குத்தினால் தெரியாதா?

நல்ல கேள்வி. அக்குபங்சர் ஆய்வு முழுவதும் இந்த இடத்தில்தான் தடுக்கி நிற்கிறது.

ஒரு வழியை ஜெர்மனியில் கண்டுபிடித்து 1998இல் வெளியிட்டார்கள். நாடக மேடையில் குத்துகிற கத்தியின் அலகு பிடிக்குள் இறங்கிவிடுமே, அதே உத்தி. ஊசி தோலைத் தொட்டதும் பிடிக்குள் போய்விடும். சுருக்கென்று தெரியும், ஆனால் உள்ளே இறங்காது. இன்னொரு வழி, அக்குபங்சர் நூல்கள் சொல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது.

இரண்டிலும் குறை இருக்கிறது. குளிசை கொடுக்கிறவருக்கு எது வெற்று என்று தெரியாமல் மறைத்துவிடலாம். ஊசி வைக்கிறவருக்கு அப்படி மறைக்க முடியாது. அவர் கையிலும் முகத்திலும் அது தெரிந்துவிடலாம். அத்தோடு, மேலோட்டமாகக் குத்துவதே நரம்பைத் தூண்டி ஏதாவது செய்யலாம். ஆகவே 'வெற்று ஊசி உண்மையில் வெற்றா' என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அமெரிக்காவில் 270 பேரை வைத்து, கை நோவுக்குப் போலி ஊசியையும் போலிக் குளிசையையும் ஒப்பிட்டு 2006இல் வெளியிட்டார்கள். நாள் போகப் போகப் போலி ஊசி போலிக் குளிசையைவிட நோவைக் கூடுதலாகக் குறைத்தது. படுக்கவைத்து, தொட்டு, கவனித்துச் செய்கிற வைத்தியத்துக்குத் தனிப் பலம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன ஆய்வை நான் அறிய மாட்டேன்.

சரி, சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். அக்குபங்சர் வேலை செய்கிறதா, இல்லையா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. நோவுக்கு ஓரளவு செய்கிறது. அந்த 'ஓரளவு' எவ்வளவு என்று விளக்குகிறேன்.

ஜெர்மனியில் முழங்கால் தேய்மானம் உள்ள சுமார் 1,000 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்து, முறையான ஊசி வைத்தவர்களில் 53 வீதத்தினருக்கு நல்ல பலன். போலி ஊசி வைத்தவர்களில் 51 வீதம். வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 29 வீதம். முதுகு நோவுக்கு 1,162 பேரை வைத்துப் பார்த்ததும் கிட்டத்தட்ட அப்படியே: 48, 44, 27.

இந்த எண்களைக் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஊசி வைத்தியத்துக்குப் போனவர்கள் போகாதவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருக்கிறார்கள். ஆனால் எந்த இடத்தில் குத்தினார்கள், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. ஊசி வைத்தியம் பிடித்தவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். பிடிக்காதவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை.

ஒற்றைத் தலைவலிக்கு ஆதாரம் சற்றுக் கூடுதல். 22 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 5,000 பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று உண்டு. தலைவலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள், ஊசி வைத்தவர்களில் 100க்கு 41 பேர். தடுப்பு வைத்தியம் எதுவும் இல்லாதவர்களில் 17 பேர். போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், நிஜ ஊசி வைத்தவர்களில் 100க்கு 50 பேர், போலி ஊசி வைத்தவர்களில் 100க்கு 41 பேர். நாட்பட்ட நோவுகள் பற்றிய 39 ஆய்வுகளில் இருந்த 20,827 பேரின் விபரங்களை ஒன்றாகக் கணக்கிட்டு 2018இல் வெளியிட்டபோதும் இதே சித்திரம்தான்: நிஜ ஊசி போலியைவிடக் கொஞ்சம் மேல், எதுவும் செய்யாததைவிட நன்றாகவே மேல்.

இதே ஆதாரங்களைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாடுகள் நேர் எதிராக முடிவு செய்திருக்கின்றன. ஜெர்மனியில் முழங்காலுக்கும் முதுகுக்கும் காப்புறுதி பணம் கொடுக்கிறது, தலைவலிக்குக் கொடுப்பதில்லை. இங்கிலாந்தின் நைஸ் என்ற மதிப்பீட்டு நிறுவனம் 2012 முதல் ஒற்றைத் தலைவலியைத் தடுக்க 10 தடவை வரை ஊசி வைக்கலாம் என்கிறது, முழங்கால் தேய்மானத்துக்கு வேண்டாம் என்கிறது. ஆகவே யாராவது உங்களிடம் 'விஞ்ஞானம் முடிவாகச் சொல்லிவிட்டது' என்றால், எந்த நோவுக்கு, எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள்.

இழுப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) ஊசி வைக்கலாமா? பம்ப் அடித்துப் பழகிவிட்டால் விட முடியாது என்கிறார்களே.

பம்பை விட்டுவிட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் நான் இவ்வளவு நாளில் கற்றுக்கொண்டதில் மிக முக்கியமானது இதற்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் இழுப்பு உள்ளவர்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரே ஆளுக்கே வெவ்வேறு நாளில் மருந்துள்ள பம்ப், மருந்தில்லாத பம்ப், போலி ஊசி, ஒன்றுமே இல்லாமல் சும்மா இருத்தல் என்று மாறி மாறிச் செய்தார்கள். பிறகு இரண்டு கேள்வி. எப்படி இருக்கிறது என்று நோயாளியையே கேட்டார்கள். மருந்துள்ள பம்புக்கு 50 வீதம் தேவலை என்றார்கள், வெற்றுப் பம்புக்கு 45, போலி ஊசிக்கு 46, சும்மா இருந்ததற்கு 21. அதாவது மருந்துக்கும் போலிக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அடுத்து, குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்தார்கள். மருந்துள்ள பம்பில் மூச்சின் அளவு 20 வீதம் கூடியது. மற்ற மூன்றிலும் வெறும் 7 வீதம்.

நோவு விடுவது வேறு, நோய் விடுவது வேறு. மார்பு இலேசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஒருவர் மூச்சுக் குழாய் சுருங்கிய நிலையில் இருக்கலாம். நுவரெலியாப் பனியில், விறகு அடுப்புப் புகை சுற்றுகிற காம்பராவில், பிரதான வீதிக்கு வரவே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டிய பணிய லயத்தில் அந்தத் தவறு உயிரைக் கேட்கும். முதுகு நோவில் 'எப்படி இருக்கிறது' என்ற பதிலே பெரும்பாலும் முடிவு. மூச்சு, மூட்டு எலும்பு அரிபடுவது, வலிப்பு இவற்றில் அப்படி இல்லை. அளந்து பார்க்க வேண்டும்.

முடக்குவாதத்துக்கு?

இது என் வீட்டுக் கதை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முடக்குவாதம் தேய்மானம் மாதிரி இல்லை. உடம்பின் பாதுகாப்புப் படையே மூட்டின் உள்தோலைத் தாக்குகிறது. வீக்கத்தை அடக்காவிட்டால் எலும்பு அரிக்கும். அரித்த எலும்பு திரும்பி வராது. ஆகவே தொடக்க மாதங்கள் பொன்னானவை. காலையில் எழுந்து அரை மணி, ஒரு மணி நேரம் விரல் மடங்காமல் இருந்தால், சிறு மூட்டுகள் இரண்டு கையிலும் வீங்கியிருந்தால், தைலத்தோடு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரி வாத நோய்க் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.

ஊசி இந்த அரிப்பை நிறுத்தியதாக ஆதாரம் இல்லை. முடக்குவாதத்தில் அக்குபங்சர் பற்றிய நல்ல ஆய்வுகளைத் தேடித் தொகுத்தவர்களுக்கு இரண்டு சிறிய ஆய்வுகளே கிடைத்தன. அவற்றில் ஊசியால் இரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் அளவுகள் இறங்கவில்லை. நோவுக்கு ஆறுதலாக இருக்கிறது என்று யாராவது மருந்தோடு சேர்த்து ஊசியும் வைத்துக்கொண்டால் நான் தடுக்க மாட்டேன். மருந்தை விட்டுவிட்டு வைத்தால் தடுப்பேன். அம்மா எட்டு மாதம் அப்படி விட்டதன் அடையாளம் அவர் வலது கை விரல்களில் இன்றும் இருக்கிறது.

பரவலாகக் கொடுக்கும் மருந்து மெதோட்ரெக்சேட். தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்: முடக்குவாதத்துக்கு அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் குடிக்கிற மருந்து. தினமும் குடித்தால் இரத்த அணுக்கள் விழுந்து உயிர் போகலாம். அம்மாவுக்கு முதல் முறை கொடுத்தபோது மருந்து உறையில் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருந்தார்கள். மற்றக் குளிசைகள் மாதிரி மூன்று நாள் தொடர்ந்து குடித்துவிட்டார். வாயெல்லாம் புண். நல்ல காலம், நான்காம் நாள் தாதி ஒருவர் பார்த்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டுக் கலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறோம். அதோடு ஃபோலிக் அசிட்டும் தருவார்கள். இரத்தமும் ஈரலும் சோதிக்கச் சொல்வார்கள், தவற விடாதீர்கள். பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கர்ப்பத்தில் இந்த மருந்து ஆகாது.

முகம் ஒரு பக்கம் கோணிப்போனால்? பனி அடித்தது என்று ஊசி வைக்கச் சொல்கிறார்கள்.

முதலில் அது பாரிசவாதமா (பக்கவாதமா) என்று பார்க்க வேண்டும். கையோ காலோ தளர்ந்திருக்கிறதா, பேச்சுக் குழறுகிறதா? இருந்தால் உடனே 1990 அம்புலன்ஸ். அப்படி இல்லாமல் நெற்றி, கண், வாய் மூன்றும் ஒரு பக்கமாகச் செயலிழந்தால் முகவாதமாக இருக்கலாம். அதையும் டொக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேரம்தான் மருந்து. ஸ்கொட்லாந்தில் 551 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசலோன் என்ற மருந்தைத் தொடங்கியவர்களில் 83 வீதத்தினர் மூன்று மாதத்தில் முழுதாகத் தேறினார்கள். தொடங்காதவர்களில் 64 வீதம். ஒன்பது மாதத்தில் அது 94 வீதம், இது 82 வீதம். அதே ஆய்வில் கொடுத்துப் பார்த்த வைரஸ் எதிர்ப்பு மருந்தால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. மருந்தே இல்லாவிட்டாலும் பத்தில் எட்டுப் பேர் தானாகத் தேறுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த எட்டுப் பேருக்கு யார் எந்த வைத்தியம் செய்திருந்தாலும் பேர் அவருக்குத்தான். ஊசி வைக்க ஆசையென்றால் அந்த மூன்று நாளைத் தவறவிடாமல் பிறகு வையுங்கள். மூடாத கண்ணை நனைத்து, இரவில் மூடிப் பாதுகாப்பது அதைவிட அவசரம்.

வலிப்பு, பாரிசவாதம் இவற்றுக்கு?

வலிப்பை ஊசி நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வரலாம். அடுப்படியிலும் சரிவிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பாரிசவாதத்தில், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரம்தான் அவகாசம். மலையிலிருந்து இறங்கும் நேரத்தையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

வேறு நாட்டு ஆய்வு நம் உடம்புக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும், எப்போதும் இல்லை. வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபின் சிலருக்குத் தோலே உரிந்துபோகும் கொடிய ஒவ்வாமையைத் தருகிறது. 2004இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தபோது எல்லோரிடமும் ஒரே மரபணு வகை இருந்தது. ஐரோப்பியர்களிடம் அது மிக அரிது. ஆசியாவில், தென்னாசியாவிலும், அதைவிடக் கூடுதல். வெள்ளையர்களை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இது தெரிந்திராது. புதிதாக இந்தக் குளிசை தொடங்கிய வாரங்களில் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் மக்களும் ஆய்வுகளில் இடம்பெற வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

அப்படியென்றால் எங்களைச் சோதனை எலி ஆக்குகிறீர்களா?

இந்தப் பயத்தை நான் ஒருபோதும் அலட்சியப்படுத்த மாட்டேன். அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை, டஸ்கிகீ என்ற இடத்தில், பருத்தி நிலங்களில் உழைத்த ஏழைக் கறுப்பின மக்களில் மேகநோய் வந்த சுமார் 400 பேரை மருந்து கொடுக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. கூலிக்கு வேலை செய்கிற, எழுதப் படிக்க வாய்ப்பில்லாத மக்கள் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற எண்ணம். அது நமக்குப் பழக்கமான எண்ணம்தான்.

அரசாங்க அனுமதி பெற்ற ஆய்விலும் தவறு நடந்திருக்கிறது. 2006இல் இலண்டனில், முடக்குவாதத்துக்கும் பயன்படும் என்று எதிர்பார்த்த ஒரு புது மருந்தை முதன்முதலாக ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் ஏற்றினார்கள். ஆறு பேருக்கும் உள்ளுறுப்புகள் செயலிழந்தன. தீவிர சிகிச்சையில் பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் முதல் ஆளுக்கு ஏற்றிப் பொறுத்திருந்து பார்த்து அடுத்தவருக்கு ஏற்றுவது கட்டாயம் போல ஆனது. கடைக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். ரொஃபெகொக்சிப் என்ற மூட்டு நோவு மருந்து வயிற்றுக்கு நல்லது என்று உலகமெங்கும் விற்றார்கள். மாரடைப்பும் பாரிசவாதமும் கூடுகிறது என்று ஒரு நீண்ட ஆய்வு காட்டியதும் 2004இல் திரும்பப் பெற்றார்கள். அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு சோதனைதான். சோதனை இல்லாவிட்டால் இன்றும் குடித்துக்கொண்டிருப்போம்.

ஆய்வில் சேரச் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

இலங்கையில் புது மருந்துச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய பதிவேட்டில் ஆய்வுகளைப் பதிந்து பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கிறார்கள். பதிவு எண் என்ன என்று கேளுங்கள். படிக்கிற பிள்ளை போனில் தேடிப் பார்க்கட்டும்.

படிவம் தமிழில் வேண்டும். தமிழில் இல்லாவிட்டால் கைநாட்டு வைக்காதீர்கள். என் அம்மாவிடம் ஒரு முறை, இந்த வேலைக்கு நான் வருவதற்கு முன், என்ன என்றே சொல்லாமல் ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். அந்த நாளை நினைத்துத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். பாதியில் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியம் குறையக்கூடாது. எனக்கு வெற்று மருந்து விழுந்தால் இப்போது குடிக்கிற மருந்து தொடருமா? ஏதாவது ஆனால் யார் செலவு? பஸ் காசும், அன்று போகிற பேருக்கான நாள் சம்பளமும் யார் தருவார்கள்? இவற்றைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். கங்காணியோ துரையோ சொன்னார் என்பதற்காகச் சேரவும் வேண்டாம்.

ஊசி வைக்கப் போவதென்றே முடிவு செய்துவிட்டேன்.

நல்லது, கவனமாகப் போங்கள். நம் நாட்டுக்கு இது புதிதில்லை; களுபோவில ஆஸ்பத்திரியில் வாத நோய் மருத்துவராக இருந்த அன்டன் ஜயசூரிய பல ஆண்டுகள் அங்கே அக்குபங்சர் பயிற்சி கொடுத்தார். பதிவு பெற்ற வைத்தியரா என்று கேளுங்கள். ஊசிப் பொதியை உங்கள் கண் முன்னே பிரிக்க வேண்டும், ஒருவருக்குக் குத்தியது இன்னொருவருக்கு வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குடிக்கிறவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லுங்கள். மார்பிலோ மேல் முதுகிலோ குத்திய பிறகு மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அரிதாக நுரையீரலில் ஊசி பட்டுவிடும். அதோடு ஏதாவது பெயரில்லாத பொடியோ குளிசையோ கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் குடிக்காதீர்கள்.

எனக்கு வேலை செய்கிறதா என்று நானே பார்த்துக்கொள்ள வழி உண்டா?

உண்டு, கலண்டர் போதும். ஒற்றைத் தலைவலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியோ புதுக் குளிசையோ தொடங்குவதற்கு முன்னால் நான்கு வாரம், தலைவலி வந்த நாளில் ஒரு குறுக்குக் கோடு, வேலைக்குப் போக முடியாத நாளில் இரண்டு கோடு, எத்தனை பெனடோல் குடித்தீர்கள் என்று பக்கத்தில் எண். தொடங்கிய பிறகும் எட்டு வாரம் அதே மாதிரி. இடையில் வேறு எதையும் மாற்றாதீர்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பெனடோல் குடிக்கிறீர்கள் என்று எண்ணிக்கை காட்டினால் அந்தக் குளிசையே தலைவலியை வளர்க்கலாம். எத்தனையோ பேருக்கு அது அப்போதுதான் தெரியவருகிறது. இழுப்புக்காரர்கள் ஊதிப் பார்க்கும் குழாய் கிளினிக்கில் கிடைத்தால் அந்த எண்ணையும், முடக்குவாதக்காரர்கள் காலையில் விரல் இளக எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் எழுதலாம். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை கோடு போட்டுக் கொடுக்கட்டும். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு அந்தக் கலண்டர் தாளையும் மடித்து வைத்துக்கொண்டு போங்கள். ஊசி வைக்கிறதையும் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.